சின்னவனுக்குக் கொடுக்காத அரிசி

நம் வயதுக்காரர்களுக்கு இப்போது ஒரு வியாதி வந்திருக்கிறது. காலையில் எழுந்ததும் பள்ளித் தோழிகள் வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்து விழுகிறது. அரைஞாண் கயிறு மட்டும் கட்டிய குழந்தை, ஒரு கையில் கரண்டி, மறு கையில் சட்டி மூடி. கீழே, 'நம்ம காலத்துப் பொம்மை இதுதான்! எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு?' உடனே இதயம் இதயமாகக் கொட்டுகிறீர்கள். எங்க வீட்டுல உழக்கு, எங்க வீட்டுல முறம், என் தம்பி துடைப்பத்தைத்தான் குதிரையா ஓட்டுவான் என்று ஒவ்வொருத்தியாக வருகிறீர்கள். போன வாரம் நான் மட்டும் ஒன்றும் போடவில்லை என்று ஒருத்தி தனியாகக் கேட்டாள், "ஒனக்கு ஞாபகம் இல்லையாடி?"

ஏன் இல்லை? நன்றாக இருக்கிறது. காதோரம் நரை எட்டிப் பார்க்கிற இந்த வயதிலும் அந்தப் படத்தைப் பார்த்தால் எனக்கு அடிவயிற்றிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. ஏன் என்று கேட்டுவிட்டீர்கள் அல்லவா, சொல்கிறேன். படித்துவிட்டு இதயம் போடுவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் நாலாம் வகுப்பு முடித்த கோடை அது. லப்பைக்குடிக்காட்டில், வெள்ளாற்றுப் பக்கம் இறங்குகிற தெருவில் எங்கள் ஓட்டு வீடு. அத்தா, அதாவது என் அப்பா, அரியலூரில் சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றும் லாரியில் கிளீனர். வாரத்தில் ஒருநாள் வெள்ளைத் தூசியோடு வந்து குளித்துத் தூங்கிவிட்டுப் போவார். அதே தெருவின் மேல்முனையில் மாமி வீடு. மாடி வைத்த வீடு. மாமி அத்தாவுக்குத் தூரத்து அக்கா முறை. மாமா சவுதியில் இருந்தார், இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். மாமா இல்லாதபோது அந்த வீட்டுக்கு எல்லாம் அவருடைய அண்ணன்தான். நாங்கள் அவரைப் பெரிய மாமா என்போம்.

அம்மா விடிந்ததும் மாமி வீட்டுக்குப் போய்விடுவாள். மாவாட்டுவது, மசாலா இடிப்பது, துணி துவைப்பது, பாத்திரம் விளக்குவது எல்லாம் அவள்தான். ஆனால் வேலைக்காரி என்று யாரும் சொல்லிவிட முடியாது, சொந்தமாயிற்றே! "எங்க தம்பி பொண்டாட்டி, ஒத்தாசைக்கு வந்துட்டுப் போவும்" என்றுதான் மாமி எல்லாரிடமும் சொல்வாள். (மாமியை 'அவர்' என்று எழுத முயன்று பார்த்தேன். கை வரவில்லை.) ஒத்தாசைக்கு வருகிறவளுக்கு உட்காரும் இடம் அடுப்படியும் கொல்லையும். முன்ஹாலைக் கூட்டித் துடைக்க அம்மா போகலாம், துடைத்த பிறகு அங்கே நிற்கக் கூடாது. எனக்கு அதுவும் கிடையாது. "மொசைக் தரை அழுக்காயிரும் புள்ள, நீ நெலைக்கு இந்தாண்டயே நில்லு" என்று மாமி சிரித்துக்கொண்டே சொல்வாள். அவள் சிரித்துக்கொண்டே சொன்னதெல்லாம்தான் இப்போது எனக்கு அதிகம் எரிகிறது.

என் வேலை சின்னவனைப் பார்த்துக்கொள்வது. மாமியின் கடைசி மகன். அப்போது அவனுக்கு ஒன்றரை வயது இருக்கும். அவனுக்கு இல்லாத பொம்மையா? ஹாலில் தேக்கு ஷோகேஸ் நிறைய பொம்மை. மேளம் அடிக்கிற குரங்கு, சைரன் வைத்த சிவப்பு வண்டி, தண்டவாளத்தோடு ரயில், படுக்க வைத்தால் கண்ணை மூடிக்கொள்கிற பொன்முடிப் பொம்மை. ஒவ்வொரு லீவிலும், சவுதியிலிருந்து யாராவது ஊருக்கு வரும்போதும், மாமா வாங்கி அனுப்பியவை. எல்லாம் கண்ணாடிக்கு உள்ளே, பூட்டு போட்டு. "ஒடச்சிருவான். பெரியவனானதும் வெளையாடட்டும்" என்பாள் மாமி. பெரியவனானதும் எவன் குரங்கு பொம்மையோடு விளையாடுவான் என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் போட்டோக்காரரை வரவழைத்தார்கள், மாமாவுக்குப் படம் அனுப்ப. ஷோகேஸைத் திறந்து குரங்கை எடுத்து, சாவி கொடுத்து, சின்னவன் மடியில் வைத்தார்கள். அது படபடவென்று மேளம் அடித்ததும் அவன் பயந்து வீறிட்டான். "சிரிடா தங்கம், சிரிடா" என்று எல்லாரும் கை தட்டினார்கள். அவன் நிலைக்கு இந்தப்புறம் நின்ற என்னைப் பார்த்துக் கையை நீட்டினான். என் கையில் குக்கர் குண்டு, விசில் அடிக்கிற அந்த வெயிட், இருந்தது. அதைக் கேட்டான். மாமி முறைத்த முறைப்பில் நான் அதைப் பாவாடையில் ஒளித்துக்கொண்டேன். அழுதபடிதான் படம் வந்தது. குரங்கு திரும்பவும் கண்ணாடிக்குள் போனது.

மாமா போன் செய்வார். "பய வெளையாடுறானா?" என்று கேட்பார் போலிருக்கிறது. "வெளையாடுறான்ங்க, நீங்க அனுப்புன எல்லாத்தையும் வச்சு வெளையாடுறான்" என்று மாமி சொல்வாள். அந்த நேரம் சின்னவன் அடுப்படியில் என்னோடு உட்கார்ந்து சின்ன வெங்காயத்தை ஒவ்வொன்றாகச் சொம்புக்குள் போட்டுக்கொண்டிருப்பான். சொம்பு நிறைந்ததும் கவிழ்ப்பான். மறுபடியும் முதலிலிருந்து. மூக்கு ஒழுகும், கண் எரியும், விடமாட்டான்.

அவனுக்கு எது பிடிக்கும் என்று எனக்குத்தான் தெரியும். குக்கர் குண்டுதான் முதலிடம். சின்னக் கைக்கு அடக்கமாக, கனமாக, குளிர்ச்சியாக இருக்கும். நக்கிப் பார்ப்பான், காதில் வைப்பான், தரையில் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். அடுத்தது சவுதிப் பால்பவுடர் டின்னின் மூடி. நான் உருட்டிவிட்டால் அது ஓடிப்போய் நின்று, தள்ளாடி, கடகடவென்று சத்தம் போட்டு விழும். விழுகிற வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, விழுந்ததும் வயிற்றைக் குலுக்கிச் சிரிப்பான். இடியாப்ப உழக்கின் ஓட்டை வழியாக என்னைப் பார்ப்பான், நான் "காணாம்" என்பேன். டீ வடிகட்டியைத் தொப்பியாக வைத்துக்கொண்டு பெரிய மாமா மாதிரி இடுப்பில் கை வைத்து நிற்பான். இதெல்லாம் அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். இந்த அழகைத்தான் நீங்கள் படம் பிடித்துப் போடுகிறீர்கள். அந்த உழக்கையும் வடிகட்டியையும் யார் கழுவி வைத்தார்கள், தொலைந்தால் யாரைக் கேட்டார்கள் என்று எந்தப் படத்திலும் போடுவதில்லை.

கோடை பாதியில் சின்னவனுக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்தது. போட்டு எடுப்பது போய், போட்டுவிட்டு வருவது. கையில் ஏதாவது கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு நேராக முன்ஹாலுக்குள் போய்விடுவான். நான் நிலைவரைக்கும்தான் போக முடியும், அங்கேயே நின்றுவிடுவேன். நிலையிலிருந்து பார்த்தால் சோபாவின் முதுகும் ஷோகேஸும்தான் தெரியும். அதற்கு அந்தப்பக்கம் மாமாவின் டேப் இருந்தது, இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளோடு. பூ வேலை செய்த துணி போர்த்தியிருக்கும். மாமா லீவில் வந்தால்தான் அது பாடும். சின்னவன் சோபாவைச் சுற்றிக்கொண்டு மறைவான். கொஞ்ச நேரம் கழித்து வருவான். இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "இன்னை" என்பான். இல்லை என்று அர்த்தம். பிறகு அடுத்த சாமானுக்குக் கை நீட்டுவான்.

முதலில் டீ வடிகட்டி காணாமல் போனது. "எலி இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றாள் மாமி. பிறகு குக்கர் குண்டு. அது இல்லாமல் பருப்பு வேகாமல் இரண்டு நாள் திட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் பீரோ சாவி. பெரம்பலூரிலிருந்து ஆள் கூட்டிவந்து பூட்டை உடைத்தார்கள். அந்த முறை மாமி எலியைச் சொல்லவில்லை. அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த இடத்தில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அன்றையிலிருந்து அம்மா அந்த வீட்டை விட்டுக் கிளம்பும்போது முந்தானையை உதறிவிட்டு, "போயிட்டு வரேன் மச்சி" என்று சொல்ல ஆரம்பித்தாள் (நாத்தனாரை எங்கள் பக்கம் மச்சி என்போம்). கேட்காமலே சோதனை கொடுத்தாள். அதைப் பார்த்தும் மாமி "அட, எதுக்கு புள்ள இதெல்லாம்" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு கருகமணி தொலைந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்குத் தாலி எப்படியோ, எங்கள் பெண்களுக்குக் கருகமணி அப்படி. கரிய மணியும் பொன்மணியும் கோத்தது. புருஷன் இருக்கிறவரை கழுத்தில் கிடக்கும். மாமி எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகும்போது கழற்றிக் கட்டிலில் வைத்திருக்கிறாள். வந்து பார்த்தால் இல்லை. அப்போது நானும் அம்மாவும் கொல்லையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்குள் சின்னவன் மட்டும்தான்.

மாமி கூந்தலில் ஈரம் சொட்டச் சொட்ட ஓடிவந்து கழுத்தைத் தடவிக்கொண்டே அழுதாள். "அல்லாவே, அவரு அங்க தனியா கெடக்குறாரே, என்ன ஆவப்போவுதோ" என்று மாரில் அடித்துக்கொண்டாள். அந்தப் பயம் உண்மை, அதை நான் மறுக்கவில்லை. புருஷன் கடலுக்கு அப்பால் இருக்கையில் வெறுங்கழுத்தோடு நிற்கிற பெண்ணுக்கு நெஞ்சு நடுங்கத்தான் செய்யும். ஆனால் மேலே இருப்பவர்களின் பயம் ஏன் எப்போதும் கீழே இருப்பவர்கள் தலையில்தான் விழ வேண்டும்? அதை யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

நான் அன்றே சொன்னேன். "மாமி, சின்னவன் எடுத்துருப்பான். அவன் எல்லாத்தையும் ஹாலுக்குள்ளதான் கொண்டு போய்ப் போடுறான். வெறுங்கையோட வர்றான்" என்றேன்.

"பச்சப்புள்ள மேல பழி போடுது பாரு! இந்த வயசுலயே என்ன வாயி!" என்றாள் மாமி.

இருந்தாலும் தேடினார்கள். பெரிய மாமா வந்து சோபாவை இழுத்துப் பார்த்தார். ஷோகேஸுக்கு அடியில் விளக்குமாற்றுக் குச்சியை விட்டு நெம்பிப் பார்த்தார். டேப் பக்கம் போனபோது மாமிதான் தடுத்தாள், "அத அசைக்காதீங்க, ஒயரு அறுந்துட்டா அவரு வந்து கத்துவாரு" என்று. கருகமணி கிடைக்கவில்லை. அதன் பிறகு நான் பொய்க்காரி ஆனேன், அம்மா சொல்லிக்கொடுத்துப் பேசுகிறவள் ஆனேன். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். எங்கள் சொல் அந்த வீட்டு நிலைப்படிகூட ஏறவில்லை.

பெரிய மாமா பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய் ஓதிப் பார்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவர் நல்ல மனிதர். "இதெல்லாம் மார்க்கத்துல கெடையாதுங்க. வூட்டுக்குள்ளயே பொறுமையா தேடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கேட்டாரா? மறுநாள் விடியற்காலை மோட்டார் சைக்கிளில் எங்கோ ஒரு குறிகாரனிடம் போய், மந்திரித்த பச்சரிசியைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். வாயில் போட்டு மென்று துப்ப வேண்டும். களவு செய்தவர் வாயில் அரிசி நனையாது, மாவாகவே வரும். அதுதான் சோதனை.

அன்றைக்கு அம்மா வழக்கம்போல விடியலிலேயே போயிருந்தாள். எங்கள் வீட்டில் முதல் நாள் சோறு ஒரு கிண்ணம்தான் மிச்சம். நீர் ஊற்றி வைத்ததை எனக்குப் பிழிந்து போட்டுவிட்டு, அந்த நீத்தண்ணியை மட்டும் அவள் குடித்தாள். மாமி வீட்டில் பசியாறப் பத்து மணி ஆகும், அன்று அதுவும் இல்லை. வெயில் ஏறியபிறகு எல்லாரையும் கொல்லையில் வரிசையாக உட்கார வைத்தார்கள். எல்லாரும் என்றால் யார்? பால் ஊற்றுகிற அம்மா, சாணம் அள்ள வருகிற பெண், என் அம்மா. வீட்டு ஆட்கள் சுற்றி நின்றார்கள். பெரிய மாமா ஒவ்வொருத்தர் உள்ளங்கையிலும் அரிசி போட்டார்.

சின்னவன் என் இடுப்பிலிருந்து இறங்கி ஓடினான். பொட்டலத்தைப் பார்த்தால் அவன் சும்மா இருப்பானா? பெரிய மாமாவின் லுங்கியைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டி, "ஆ... ஆ..." என்று வாயைத் திறந்து காட்டினான்.

"புள்ளக்கிக் குடுத்துறாதீங்க, தொண்டையில மாட்டிக்கும்" என்றாள் மாமி.

அந்த வீட்டில் அரிசி கொடுத்திருக்க வேண்டிய ஒரே ஆள் வாயைத் திறந்துகொண்டு நின்றான். அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பால்கார அம்மா துப்பினாள், நனைந்திருந்தது. அடுத்தவள் துப்பினாள், நனைந்திருந்தது. அம்மா மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். தாடை அசைவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எச்சில் ஊறட்டும், ஊறட்டும் என்று என் வாயில் எச்சிலைக் கூட்டினேன், என்னமோ அவளுக்கு அதைக் கொடுத்துவிட முடியும் என்பதுபோல. வாழையிலை நறுக்கில் அவள் துப்பியது பொடிப்பொடியாக, வெள்ளையாக விழுந்தது. கொஞ்சம் உதட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா" என்றார் பெரிய மாமா. அவ்வளவுதான் சொன்னார்.

"அண்ணே, அல்லா மேல ஆணையா நான் எடுக்கல அண்ணே. வவுத்துல ஒண்ணும் இல்ல அண்ணே, அதான்..." என்றாள் அம்மா. பசி என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பாதியில் நிறுத்திவிட்டாள். சொல்லி முடித்திருக்கலாம். மாமியைப் பார்த்து, உன் வீட்டில் உழைத்துவிட்டுப் பட்டினியாக நிற்கிறேனடி என்று கத்தியிருக்கலாம். என் அம்மா கத்தத் தெரியாதவள். அதனால் அவள் மேலும் எனக்குக் கோபம்தான்.

"போலீசுக்குப் போவல. தம்பி பொண்டாட்டியாச்சேன்னு விடுறோம். எடுத்தத எங்கயாச்சும் போட்டுட்டுப் போயிரு, யாரும் கேக்க மாட்டோம்" என்றார் பெரிய மாமா. அதைத் தயவு என்று அவர் நம்பினார். சுற்றி நின்றவர்களும் நம்பினார்கள்.

நாங்கள் கிளம்பும்போது சின்னவன் பால்பவுடர் டின் மூடியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை ஓடிவந்தான். உருட்டச் சொல்லி என்னிடம் நீட்டினான். நான் வாங்கவில்லை. அவனாகவே உருட்டிவிட்டான், அது தெருவில் இறங்கிக் கொஞ்ச தூரம் ஓடி விழுந்தது. அவன் சிரிக்கிற சத்தம் எங்கள் வீட்டு வாசல்வரை கேட்டது.

மதியம் லுஹர் தொழுகைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அதன்பின் அம்மாவை யாரும் மாவாட்டக் கூப்பிடவில்லை. கல்யாண வீட்டில் முறுக்கு சுற்றப் போனால், பாத்திரங்களை எண்ணி வைக்கிற சத்தம் கேட்கும். அந்த வாரம் அத்தா வந்தார். என்ன கேட்டார் தெரியுமா? "ஒன்ன யாரு அந்த வூட்டுக்கே போவச் சொன்னது?" என்று கேட்டார். எடுத்தாயா என்று கேட்கவில்லை, எடுக்கவில்லை என்று தெரியும் என்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் சாமான்களை லாரியில் ஏற்றி அரியலூருக்குக் கூட்டிப் போய்விட்டார். என் பள்ளிக்கூடம், உங்களில் சிலரோடு நான் உட்கார்ந்த பெஞ்சு, எல்லாம் அத்தோடு போனது. நான் ஏன் அஞ்சாம் வகுப்புக்கு வரவில்லை என்று இந்தக் குழுவில் ஒருத்திகூட இதுவரை கேட்டதில்லை. சட்டி மூடியை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள்.

அரியலூரில் அம்மா மிளகாய் அரைக்கிற மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். கண்ணெல்லாம் சிவந்து வருவாள். அழுதாளா, மிளகாய் நெடியா என்று கேட்டால், "மொளகாதான்" என்பாள். தொழுது முடித்துக் கையேந்தினால் வெகுநேரம் ஏந்தியபடியே இருப்பாள்.

அடுத்த வருடம் நோன்புப் பெருநாளுக்கு முன்னால் ஒரு பை வந்தது. லப்பைக்குடிக்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்த ஒருவர் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்தால் உள்ளே சவுதிப் போர்வை ஒன்று, புலி படம் போட்டது. சோப்பு. கூடவே அந்தப் பொன்முடிப் பொம்மை, படுக்க வைத்தால் கண்ணை மூடுவது. மாமி கொடுத்துவிட்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை.

அம்மா போர்வையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மனசு எறங்கிட்டாங்கடி. நம்மள மன்னிச்சிட்டாங்க" என்றாள்.

"நாம என்னம்மா செஞ்சோம், மன்னிக்க?" என்று கேட்டேன்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றாள். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கிடைத்ததென்று என் அம்மா அன்று அழுதுகொண்டே சிரித்தாள். அன்றையிலிருந்து கையேந்திக் கேட்கிற ஒவ்வொரு துஆவிலும் மாமியின் பெயரும் சேர்ந்துகொண்டது. பொம்மையைப் பாலிதீன் கவரோடு அலமாரியில் வைத்தாள், என்னைத் தொடவிடவில்லை. எங்கள் வீட்டிலும் ஒரு ஷோகேஸ் வந்துவிட்டது பாருங்கள். பின்னால் என் மகள் பிறந்து தவழ்ந்தபோதும் அதைக் கொடுக்கவில்லை. அவளும் கரண்டியும் மூடியும்தான் வைத்து விளையாடினாள்.

போன வருடம் சின்னவன் போன் செய்தான், அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிட்டுக்கொண்டு. இப்போது அவன் சவுதியில் வேலை பார்த்து ஊரில் புது வீடு கட்டியிருக்கிறான். "லாத்தா, வூடு குடி போறோம். ஒங்க அம்மாவக் கூட்டிட்டு அவசியம் வந்துருங்க. நீங்கதான் என்னத் தூக்கி வளத்தீங்களாமே, அம்மா சொல்லும்" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது குரலிலேயே தெரிந்தது. நான் போக வேண்டாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. பெட்டியிலிருந்து நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, எவர்சில்வர் குடம் ஒன்று வாங்கிக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள்.

புது வீட்டில் பெண்களுக்கு முன்ஹாலில் பந்தி. அம்மா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றாள். சின்னவன்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தான். பிரியாணி வந்தது. அம்மா ருசித்துச் சாப்பிட்டாள், இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினாள். எதிரில் நாற்காலி போட்டு மாமி உட்கார்ந்திருந்தாள். மாமா மௌத்தாகி, அடக்கம் செய்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

சின்னவனின் மகன் தத்தித் தத்தி நடக்கிற வயது. சாப்பாட்டுக் கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு போய் டிவிக்கு அடியில் இருந்த இடுக்கில் திணித்துக்கொண்டிருந்தான். அவன் தாய் ஓடிப்போய்ப் பிடுங்கினாள். மாமி குலுங்கிச் சிரித்தாள்.

"விடு புள்ள, அவன் அத்தா மாதிரி. இவன் அத்தா இருக்கானே, ஸ்பீக்கர் பொட்டிக்குள்ள ஒரு கடையே வச்சிருந்தான்! பின்னால செவுத்துப் பக்கம் வட்டமா ஓட்ட இருக்கும், அதுக்குள்ள எல்லாத்தையும் போட்டுருவான். அவரு லீவுல வந்து பாட்டுப் போட்டா கொரகொரங்குது. ஸ்குரூவக் கழட்டிப் பாத்தா, உள்ள குக்கர் குண்டு, பீரோ சாவி, வடிகட்டி, வெங்காயம் முளவுட்டுக் காஞ்சு கெடக்கு. அட, என் கருகமணியே உள்ளதான் கெடந்துச்சு! அவரு விழுந்து விழுந்து சிரிச்சாரு."

பந்தி முழுக்கச் சிரித்தது. அந்தக் கதையை அங்கே எல்லாரும் முன்பே பலமுறை கேட்டிருக்கிறார்கள் என்பது சிரிப்பிலேயே தெரிந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் பழி அந்த வீட்டில் இத்தனை வருடமும் விருந்தாளிகளைச் சிரிக்க வைக்கிற கதையாக இருந்திருக்கிறது. மறைத்து வைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. மறைக்கிறவளுக்குக் கொஞ்சமாவது உறுத்தும். இவள் உறுத்தலைப் போர்வையில் வைத்து மடித்து அனுப்பிவிட்டு, மறந்தே போயிருந்தாள். எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்பதுகூட அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

நான் எழுந்துவிட்டேன். கத்துவதற்கு எல்லாம் தொண்டையில் தயாராக இருந்தது. அம்மா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். கையில் எடுத்திருந்த கவளத்தைத் தட்டில் வைத்தாள்.

"மச்சி" என்றாள்.

மாமி திரும்பினாள். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது.

"அந்த அரிசி இருக்கா மச்சி?"

"எந்த அரிசி புள்ள? பிரியாணியா? வைக்கச் சொல்லவா?"

"அண்ணன் வாங்கிட்டு வந்து குடுத்தாங்களே, மென்னு துப்பச் சொல்லி. அந்த அரிசி" என்றாள் அம்மா. அவள் குரல் உயரவே இல்லை. "அன்னிக்கி நான் பசியோட இருந்தேன் மச்சி. வாயில எச்சி இல்ல. இன்னிக்கி வவுறு நெறைய சாப்புட்டுருக்கேன். இப்பக் குடுங்க, மென்னு காட்டுறேன்."

சொல்லிவிட்டு, நெய் படிந்த வலதுகையை அப்படியே நீட்டினாள், உள்ளங்கை மேலே பார்க்க. சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. சின்னவன் தண்ணீர் ஜாடியோடு வந்தவன், என்னையும் அவன் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். மாமியின் கை தானாகக் கழுத்துக்குப் போய், மாமா போனபிறகு வெறுமையாகிவிட்ட இடத்தைத் தடவியது.

அந்த வீட்டில் அரிசிக்கா பஞ்சம்? அடுப்படியில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்ததை நானே பார்த்தேன். ஒருத்தரும் எழுந்து போகவில்லை. அம்மா கையை மடக்காமல் நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள்.